விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்து

தகப்பனார் காலமான பிறகு பூர்விகச் சொத்தைப் பிரிக்கும் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "தங்கச்சி கையெழுத்துப் போட்டாச்சா?" சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தக் கையெழுத்தை வாங்கும் ஆவணத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். தன் பங்கை அண்ணனுக்கோ தம்பிக்கோ விட்டுக்கொடுப்பதாக ஒரு பெண் அதில் எழுதிக் கொடுக்கிறாள். அவள் ஆசிரியையாக இருக்கலாம், வங்கி அலுவலராக இருக்கலாம். பத்திர எழுத்தர் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் ஒப்பமிட்டு, ரேகை வைத்து, அன்று மாலையே பஸ் ஏறி ஊர் திரும்பிவிடுகிறாள். விட்டுக்கொடுத்த நிலத்தின் மதிப்பு என்ன என்று பெரும்பாலும் அவளிடம் யாரும் சொல்வதில்லை; அவளும் கேட்பதில்லை. பெண்களின் நிலை எவ்வளவு மாறியிருக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் இந்தப் பத்திரத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். பெண் என்னென்ன வேலைக்கு வந்துவிட்டாள் என்று எண்ணிப் பெருமைப்படுகிறோம். அவள் பேரில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால்தான் மாற்றத்தின் உண்மையான அளவு தெரியும்.

ஏனென்றால், வேலை பெண்ணுக்குப் புதிதே அல்ல. அடுப்படியில் அடைந்து கிடந்தவள் நேற்றுதான் வெளியே வந்தாள் என்ற கதையைச் சங்கப் பாடல்கள் ஏற்கவில்லை. தினைப்புனத்தில் கிளி ஓட்டியவள் பெண். தெருத்தெருவாக உப்பும் மீனும் விற்றவள் பெண். கணவனில்லாத பெண்கள் நூல் நூற்றுப் பிழைத்ததை நற்றிணை காட்டுகிறது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவையார். ஆனால் இதைப் பொற்காலம் என்று கொண்டாடுகிறவர்கள் புறநானூற்றின் 246ஆம் பாடலையும் சேர்த்தே படிக்க வேண்டும். பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு, கைம்மை வாழ்வின் கீரையையும் பரற்கல் படுக்கையையும் சொல்லி, அதைவிடச் சிதைத்தீயே மேல் என்று முடிவெடுக்கிறார். அரசிக்கே கணவன் போனபின் நிற்க ஓரிடம் இல்லை. உழைப்பும் புலமையும் இருந்தும், கணவனைச் சாராத வாழ்வுக்கு அன்று பெண்ணிடம் பிடிமானம் இல்லை.

சிலப்பதிகாரத்தை நாம் கற்பின் காவியமாகவே படித்துப் பழகியிருக்கிறோம். ஒரு பெண்ணின் உடைமை என்னவாயிற்று என்று பார்த்தாலும் அந்தக் கதை முழுமையாகவே விரியும். குலப் பொருளையெல்லாம் தொலைத்துவிட்டுத் திரும்பும் கோவலனுக்குக் கண்ணகி எடுத்துக் கொடுப்பது தன் சிலம்பை. புதிய வணிகத்துக்கு முதலாக அதில் ஒன்றை விற்கப் போனவன் கொலையுண்ட பிறகுதான், மற்றொன்றைக் கையில் ஏந்தி அவள் பாண்டியன் அவைக்கு வருகிறாள். கோவலன் விற்கப் போன சிலம்பை உடைத்து உள்ளே இருப்பது மாணிக்கப் பரல் என்று காட்டி, அது தன்னுடையது என்று நிறுவுகிறாள். தன் பொருளைத் தன்னுடையது என்று ஒரு பெண் அரசவையில் சொல்லிக் கேட்க வைப்பதற்கு, அவள் எல்லாவற்றையும் இழக்க வேண்டியிருந்தது.

உடைமை மட்டும் இருந்துவிட்டால் போதுமா என்று கேட்கலாம். போதாது, அதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் கோயில் பணிக்கு நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் தரும் பங்கும் கொடுத்தான். ஒவ்வொருவர் பேரும் கல்வெட்டில் இருக்கிறது. அதே கல்வெட்டு, வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து அரசாணையால் அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள் என்பதையும் சொல்கிறது. பங்கு அவர்களுடையது, எங்கே வாழ்வது என்ற முடிவு அவர்களுடையதாக இல்லை. நூற்றாண்டுகள் கடந்து அந்த மரபு தேவதாசி முறையாகி எங்கே போய் நின்றது என்பதை மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலில் வெளிப்படையாக எழுதினார். 1947இல் சட்டம் அம்முறையை ஒழித்தது. ஆகவே சொத்து மட்டுமே மதிப்பைத் தந்துவிடாது. ஆனால் சொத்தில்லாத மதிப்பு பிறர் மனம் வைக்கும்வரைதான் நிலைக்கும்.

இதை நன்கு உணர்ந்துதான் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்குப் பங்கு கொடுத்தது. பரம்பரைக் கூட்டுச் சொத்தில் மகன்களைப் போன்ற பிறப்புரிமையைக் கொடுக்கவில்லை. அதைக் கொடுத்த தமிழகத் திருத்தம் 1989இல்தான் வந்தது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே அறுபது ஆண்டுகள். அந்தத் திருத்தமும் முன்பே மணமாகிவிட்ட மகள்களை வெளியே நிறுத்தியது. 2005இன் மத்தியச் சட்டம் அந்தக் கதவையும் திறந்தது. தந்தை அப்போது உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியே தேவையில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சட்டப் புத்தகத்தில் இனிச் சேர்க்க வேண்டியது அதிகமில்லை. நிலத்தில்தான் மாற்றம் இறங்கவில்லை. நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் சாகுபடி நிலத் தொகுப்புகளில் அவர்கள் பொறுப்பில் இருந்தவை சுமார் 14 சதவீதம்.

"நகை போட்டு, சீர் செய்துதானே கட்டிக் கொடுத்தோம்?" என்பார்கள். பையனின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் செலவழித்ததை அவன் பங்கில் யாரும் கழிப்பதில்லை. மேலும், தொழில் நொடித்தால் முதலில் அடகுக்கடைக்குப் போவது மனைவியின் நகை. கண்ணகியின் சிலம்பு தொடங்கி இன்றுவரை அதுதான் நடப்பு. நிலம் அப்படியே இருந்து மதிப்பு ஏறும். "பெற்றோரைக் கடைசிவரை பார்ப்பவன் மகன்தானே?" என்பது அடுத்த வாதம். மகன் வீட்டில் கஞ்சி வைத்துக் கொடுத்து, படுக்கையை மாற்றும் கை பெரும்பாலும் மருமகளுடையது. பெற்றோரைப் பராமரிக்கும் கடமையை 2007இன் சட்டம் மகளுக்கும் சேர்த்தே விதித்திருக்கிறது. கடமையில் சேர்த்தவளைப் பங்கில் எப்படி விடுவது? நிலமே இல்லாத குடும்பங்களுக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பதும் நியாயமே. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' காட்டும் உப்பளத் தொழிலாளர்களிடம் பிரிக்க நிலமில்லை. ஆனால் அவர்களுக்குத்தான் மனைப்பட்டா யார் பேரில் என்பது பெரிய விஷயம். குடித்துவிட்டு வந்து "வீட்டை விட்டுப் போ" என்று கணவன் சொல்லும் இரவில், போக வேண்டியவர் யார் என்பதை அந்தத் தாள் தீர்மானிக்கும்.

எல்லாவற்றிலும் கனமான வாதம் ஒன்று இருக்கிறது: பங்கு கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்துபோகும். பெண்கள் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் அறியாமையால் அல்ல, இந்த அச்சத்தால்தான். புகுந்த வீட்டில் ஒன்று என்றால் ஓடிவர ஒரு வாசல் வேண்டும். பிள்ளைகளின் சடங்குக்குத் தாய்மாமன் சீர் வேண்டும். அந்த வாசலுக்கு அவள் தரும் விலையே அந்தப் பங்கு. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அண்ணன் தம்பியோடு வழக்காடு என்று அவளுக்கு உபதேசிப்பதும் சரியல்ல. ஆனால் ஒருத்தி மட்டுமே விட்டுக்கொடுத்துத்தான் ஓர் உறவு நிலைக்க வேண்டும் என்றால், அதைக் காக்கும் பொறுப்பை அவள் தலையிலேயே ஏற்றியது யார்? அவளைக் கேட்க வைக்காமலேயே கொடுத்துவிட வல்லவர்கள் இரண்டு பேர்: உயிரோடு இருக்கும்போதே மகளின் பங்கை எழுதிவைக்கக்கூடிய தகப்பன், பத்திரத்தை நீட்டாமல் இருக்கக்கூடிய சகோதரன். பெண்ணுரிமை பேசும் ஆண்களுக்கு இதைவிட நல்ல சோதனை வேறில்லை. அடுத்த பாகப்பிரிவினைக்கு உட்காரும்போது, "தங்கச்சி கையெழுத்துப் போட்டாச்சா?" என்பதை விட்டுவிட்டு, "தங்கச்சிக்கு எந்தப் பக்கம்?" என்று அண்ணனே கேட்கட்டும்.