கூடிக் கற்கும் உரிமை

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்காக ஒன்றிய அரசு 2021இல் தொடங்கிய நிஷ்தா 2.0 பயிற்சி, திக்ஷா தளத்தில் காணொலி பார்த்துச் சான்றிதழ் பெறுவதாகவே அமைந்தது. அங்கே ஆசிரியர் தனித்திருந்து கேட்பவர். சக ஆசிரியரோடு விவாதித்துத் தம் வகுப்பறையை ஆராய்பவர் அல்லர்.

மாற்றுவழி இந்த நாட்டிலேயே உருவானது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. 1982 முதல் ஏகலவ்யா அமைப்பு அதை வளர்த்தது. ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடினர். வகுப்பில் எழுந்த சிக்கல்களை விவாதித்தனர். அவர்களது அனுபவம் பாடநூலையே திருத்தியது. 30 ஆண்டுகள் நடந்த அத்திட்டத்தை மாநில அரசு 2002இல் நிறுத்திவிட்டது. நல்லெண்ணம் மட்டுமே இத்தகைய முயற்சியைக் காக்காது. அமைப்பாகத் திரண்ட ஆசிரியர்களின் வலிமையும் வேண்டும் என்பதே இதன் பாடம்.

காலிப் பணியிடங்களை நிரப்பாமல், கற்பித்தல் சாராத வேலைகளைச் சுமத்திவிட்டு, 'கூடிக் கற்பீர்' என்பது வெற்று உபதேசம். கூடுவதற்கான நேரம் பணிநேரத்திற்குள்ளேயே ஒதுக்கப்பட வேண்டும். என்ன பேசுவது என்பதை ஆசிரியர்களே தீர்மானிக்க வேண்டும். ஊதியக் கோரிக்கையோடு இதனையும் ஆசிரியர் சங்கங்கள் முன்வைக்க, அங்கே பணியாற்றும் நம் தோழர்கள் முன்கை எடுக்க வேண்டும்.