ஆறுதல் பரிசு இல்லீங்க!

கார் ரேஸில் இண்டிபெண்டன்ட் ஓட்டுநர்களுக்கு வருஷா வருஷம் தனிக் கோப்பை உண்டு என்று சொன்னால், நம்மாட்கள் உடனே "ஆறுதல் பரிசா?" என்று சிரிக்கிறார்கள். எனக்கு இதில் துளிகூட உடன்பாடு இல்லை.

பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பை எடுத்துக்குவோம். ஒரு பக்கம் கார் கம்பெனியே பணமும் இன்ஜினியர்களும் கொடுத்து இறக்கும் டீம். இன்னொரு பக்கம் சொந்தக் காசு, ஊர் ஊராக ஸ்பான்சர் தேடிய காசு என்று ஓடுகிற டீம். இரண்டும் ஒரே டிராக்கில், ஒரே ரேஸில்தான் ஓடுகின்றன. புள்ளிக்கணக்கு மட்டும் இண்டிபெண்டன்ட்களுக்கு இன்னொரு தடவை தனியாகப் போடுகிறார்கள். அவ்வளவுதான். யாருக்கும் தூரத்தைக் குறைக்கவில்லை!

இதனால் என்ன லாபம்? மொத்தப் பட்டியலில் பத்தாவதாக வந்தவன் ஸ்பான்சர் முன்னால் போய் என்ன சொல்வான்? "இண்டிபெண்டன்ட்களில் நான்தான் முதல்" என்றால் பேச்சே வேறு. அடுத்த வருஷம் டயர் வாங்கக் காசு வரும். அவன் களத்தில் இருப்பான். இருந்தால்தானே ஜெயிக்க முடியும்?

மேட் நீல் கதையைப் பாருங்கள். 1999-ல் டோனிங்டன் பார்க்கில் நிசான் பிரிமேராவில் கம்பெனி டீம்களையெல்லாம் தோற்கடித்து முதலாவதாக வந்தார். அப்படி ஜெயிக்கும் இண்டிபெண்டன்டுக்கு என்று போட்டி நிர்வாகம் அறிவித்திருந்த பரிசு 2,50,000 பவுண்டு! 2005-ல் ஒட்டுமொத்த சாம்பியன் பட்டமே அவர் கையில். 2009-ல் காலின் டர்கிங்டனும் இண்டிபெண்டன்டாக இருந்தே சாம்பியன் ஆனார்.

உலக டூரிங் கார் போட்டியிலும் இதே கதைதான். கம்ப்யூட்டர் ரேஸ் விளையாட்டில் ஆரம்பித்த ஹங்கேரிக்காரர் நோர்பர்ட் மிச்செலிஸ் 2012, 2015 இரண்டு வருஷமும் இண்டிபெண்டன்ட் கோப்பை வாங்கினார். 2016-ல் ஹோண்டா தன் சொந்த டீமுக்கே எடுத்துக்கொண்டது. 2019-ல் ஹூண்டாய் காரில் உலக டூரிங் கார் கோப்பையை வென்றார்.

ஆனால் ஒரு நிபந்தனை. தனிக் கோப்பை ஏணியாக இருக்கணும், வேலியாக இருக்கக் கூடாது. "உனக்குத்தான் தனியா கொடுத்தாச்சே, பெரிய பரிசுப் பக்கம் வராதே" என்று ஓரங்கட்டினால் அது அவமானம். 1999-ல் வைத்த மாதிரி, பெரியவனை அடித்தால் இன்னும் பெரிய பரிசு என்று இருக்கணும். கம்பெனி உதவியை மறைத்து வாங்கிக்கொண்டு இண்டிபெண்டன்ட் வேஷம் போடுகிறவர்களையும் விடக் கூடாது.

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கும் இதில் விஷயம் இருக்கு. கோச்சிங், டியூஷன் என்று எல்லா வசதியோடும் வந்த பிள்ளையின் ரேங்க்கையும், தானே படித்து வந்த பிள்ளையின் ரேங்க்கையும் ஒரே தராசில் வைத்துத்தானே பேசுகிறோம்? ரேஸ்காரர்கள் இரண்டு பட்டியல் போடுகிறார்கள். யார் முதலில் வந்தார் என்பதற்கு ஒன்று, எதை வைத்துக்கொண்டு வந்தார் என்பதற்கு ஒன்று. எனக்கு இரண்டாவது பட்டியல்தான் பிடிச்சிருக்கு. உங்களுக்கு?