தளபதியின் நூலும் சிப்பாயின் மடலும்

1962-ஆம் ஆண்டுச் சீனப் போரைப் பற்றித் தளபதி கவுல் 1967-இலும், பிரிகேடியர் தால்வி 1969-இலும் ஆங்கிலத்தில் நூல் எழுதினர். இருவரும் பழியைப் பெரிதும் பிறர்மேலேயே ஏற்றினர். ஆயினும், தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு முழுமையாக வெளியிடாத நிலையில், அந்நூல்களை ஒதுக்குதல் தகாது. நம்கா சூ ஆற்றங்கரையில் குளிருக்கேற்ற உடையுமின்றி நின்ற வீரரின் அவலத்தைத் தால்வியன்றோ உரைத்தார்?

எமது வழக்கு வேறு. ஆணையிட்டவர் எழுதினர், ஆணையை ஏற்று நின்றவர் எழுதவில்லை. செங்கற்பட்டில் பிறந்த தளபதி சுந்தர்ஜியின் நினைவுகளும் ஆங்கிலத்திலேயே வெளிவந்தன.

"சிப்பாயின் கடிதம் இலக்கியமாகுமோ?" என வினவுவோர் உளர். வேந்தனை மட்டுமன்றி, வீரனை ஈன்ற தாயையும் பாடியது புறநானூறு. சிற்றூர் வீரனுக்கும் நடுகல் எடுத்தது நம் மரபு. அதனை மறந்தோர் கூற்று இது!

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் இல்லங்களில், படையிலிருந்து பாட்டனார் எழுதிய தமிழ் மடல்கள் டிரங்குப் பெட்டிகளில் மக்குகின்றன. பெயரர் தெலுங்கு கற்பது நன்றே. பாட்டனாரின் கையெழுத்தைப் படிக்கவியலாது நிற்பது நன்றன்று. மேடைதோறும் வீரம் பேசும் சங்கங்கள் அம்மடல்களைத் திரட்டி அச்சேற்றட்டும். செல்லரித்தபின் சான்று தேடிப் பயனென்ன?