45 எப்படி வந்தது?

52-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் நான்காம் வகுப்புப் பிள்ளை 45 என்று எழுதுகிறது. சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். எப்படி வந்தது என்று கேட்டால், “ஏழுல ரெண்டு போனா அஞ்சு, அஞ்சுல ஒண்ணு போனா நாலு” என்று பதில் வரும். பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொடுத்ததை அது பிசகாமல் பின்பற்றியிருக்கிறது.

கடன் வாங்கிக் கழிப்பதைச் சரியாகக் கற்காத பிள்ளையும் இந்த 45-ஐ எழுதும். 52 என்றால் ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் என்பதே பிடிபடாத பிள்ளையும் எழுதும். முதல் பிள்ளைக்குச் சில நாள் பயிற்சி போதும். இரண்டாவது பிள்ளையிடம் பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளைக் கொடுத்து 52 எடுக்கச் சொல்லுங்கள். கட்டைப் பிரித்து, ஒவ்வொரு குச்சியாக உருவி, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து. நன்றாகச் சொல்லிக்கொடுத்த பிறகும் இது மாறவில்லை என்றால் கணக்குக் கற்றல் குறைபாடான டிஸ்கால்குலியாவா என்று பார்க்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் இந்த இரண்டு பிள்ளைகளும் ஒன்றுதான்.

வாசிப்புக் குறைபாட்டைப் பற்றி மருத்துவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதத் தொடங்கிவிட்டார்கள். கணக்கில் தடுமாறும் பிள்ளைகளைப் பற்றி உளவியலாளர் லாதிஸ்லாவ் கோஷ்ச் எழுதி, பலரும் மேற்கோள் காட்டும் கட்டுரை வெளிவந்தது 1974-ல். அந்தத் தாமதம் நம் பயிற்சி அறைகளில் இன்னும் தெரிகிறது. வாசிப்புக்கு எழுத்தட்டைகள், ஒலிப் பயிற்சிகள், படிநிலைப் புத்தகங்கள் என்று அலமாரி நிறைய வைத்திருக்கிறோம். கணக்கு என்று வந்தால், வராத கணக்கையே இன்னும் இருபது கொடுக்கிறோம். பெரும்பாலான ஆய்வுகள் டிஸ்கால்குலியா 3 முதல் 7 சதவீதப் பிள்ளைகளுக்கு இருப்பதாகச் சொல்கின்றன. 40 பேர் இருக்கும் வகுப்பில் ஒருவராவது இருப்பார் என்று வைத்துக்கொள்ளலாம்.

சட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்கால்குலியாவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. தேர்வுச் சலுகைகள்தான் உறுத்துகின்றன. மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் நெறிமுறை மூன்று மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் கூடுதலாகத் தந்தது. ஆனால் மற்றவர்களுக்கும் கால்குலேட்டர் அனுமதிக்கப்பட்ட தேர்வில்தான் இவர்களும் அதை எடுத்துப்போகலாம் என்றது. 8-ஐயும் 7-ஐயும் விரல் விட்டுக் கூட்டும் மாணவருக்குக் கூடுதல் ஒரு மணி நேரம் என்ன தரும்? விரல் விட்டு எண்ண இன்னும் ஒரு மணி நேரம். வழிமுறையைச் சோதிக்கும் கேள்விகளில் கால்குலேட்டரைத் தடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய கவலை, சான்றிதழுக்காகக் காத்திருப்பது. எட்டு வயதில், அதாவது ஏறத்தாழ மூன்றாம் வகுப்பில், கண்டறியும் நடைமுறை தொடங்குகிறது. அதற்கு முன்பு பாடம் தொடங்கக் கூடாது என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-ல் வந்ததிலிருந்து அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிள்ளைகளைப் பிரித்துப் பதிவு செய்துவருகிறோம். தமிழில் மொட்டுக்கும் மலருக்கும் நகர்ந்துவிட்டு, கணக்கில் மட்டும் அரும்பிலேயே நிற்கும் பெயர்களை அந்தப் பதிவேட்டில் தேடினாலே போதும், உட்கார்ந்து பேச வேண்டிய பிள்ளைகள் கிடைத்துவிடுவார்கள். காசு செலவில்லை. (பதிவேடு உண்மையாக நிரப்பப்பட்டிருந்தால், என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது.)

உட்கார்ந்த பிறகு அவசரப்பட வேண்டாம். வாக்கியக் கணக்கில் தவறினால், கேள்வியை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். உடனே விடை வந்துவிட்டால் அங்கே முதல் சிக்கல் வாசிப்பு. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பதும் சகஜம். ‘தொண்ணூற்று ஐந்து’ என்று சொல்லி எழுதச் சொன்னால் 905 வருகிறதா என்று பாருங்கள். எண்பது வரை பத்து பத்தாகக் காதில் விழுந்த வரிசை தொண்ணூறில் திடீரென்று நூறாக ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரமாக. இடமதிப்பு திடமாக இருக்கும் பிள்ளை இதைச் சீக்கிரம் தாண்டிவிடும். மற்றது வருடக்கணக்கில் அங்கேயே இடறும்.

வாய்ப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறேழு எவ்வளவு என்று கேட்டதும் ‘ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு’ என்று முதலிலிருந்து ஓடி வரும் பிள்ளைக்குப் பாட்டுதான் மனப்பாடம். ஐயேழு முப்பத்தைந்தோடு இன்னொரு ஏழைச் சேர்க்கலாம் என்பது தெரிந்தால் ஒப்பிக்காவிட்டாலும் பரவாயில்லை. அபாகஸ் வகுப்பில் சேர்த்தால் சரியாகிவிடுமா என்று கேட்கும் பெற்றோரிடம் தயங்காமல் சொல்லுங்கள்: வேகம் இப்போது தேவையில்லை. ஐந்து புளியங்கொட்டைகளை மேசையில் வீசி, எண்ணாமலே ஐந்து என்று சொல்ல வைப்பது, பிறகு அதை மூன்றும் இரண்டுமாக, நான்கும் ஒன்றுமாகப் பிரிக்க வைப்பது, இதிலேயே வாரங்கள் போகலாம். போகட்டும். விரலை மடக்காதே என்று அதட்டுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். வேறு வழி கைவரும்வரை விரல்தான் அதன் பிடிமானம்.

அடுத்த இதழிலிருந்து பிள்ளைகளின் கணக்கு நோட்டுப் பக்கங்களை, தவறான விடையும் அது வந்த வழியுமாக, வெளியிட இருக்கிறோம். நீங்கள் பார்த்தவற்றை அனுப்புங்கள். பிள்ளையின் பெயரையும் பள்ளியின் பெயரையும் மறைத்துவிடுங்கள், பெற்றோரின் சம்மதம் வாங்குங்கள். விடை எப்படி வந்தது என்று கேட்டபோது பிள்ளை சொன்னதை அதன் பேச்சிலேயே, திருத்தாமல், பக்கத்தின் கீழே எழுதி அனுப்புங்கள்.