ஒற்றனுக்கு ஆள் தேடும் படலம்

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் எழும் வாதப் பிரதிவாதங்களை வாசகர்கள் அறிவார்கள். உயரம் போதாதென்பார் ஒருவர். வயது கூடிவிட்டதென்பார் இன்னொருவர். எல்லாம் பொருந்தியிருக்க, தலைமயிர் சரியில்லையென்று மூலையிலிருந்து முணுமுணுப்பார் மற்றொருவர். ஏறக்குறைய இதே படலந்தான் ஜேம்ஸ் பொண்ட் என்னும் ஆங்கில ஒற்றனின் இருபத்தாறாவது படத்தை முன்னிட்டு இரசிகர்களிடையே நடந்து வந்திருக்கிறது.

படலம் இவ்வளவு சூடு பிடித்தமைக்குக் காரணமுண்டு. டானியல் கிறெய்க் நடித்த ஐந்தாவதும் கடைசியுமான ‘நோ டைம் டு டை’ 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் முடிவில் ஏவுகணைகள் வந்து விழப் பொண்ட் மாண்டே போனான். 1962ஆம் ஆண்டு முதல் ஆறு நடிகர்களின் உருவில் எத்தனையோ சுறாமீன்களுக்கும் வெடிகுண்டுகளுக்கும் தப்பியவன் செத்தான். அதோடு நின்றார்களா? பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்ததும், ‘ஜேம்ஸ் பொண்ட் மீண்டும் வருவார்’ என்ற வழக்கமான அறிவிப்பையும் போட்டுவிட்டார்கள். செத்தவன் எவ்வாறு திரும்புவான் என்பதே இரசிகர்களின் முதல் முறைப்பாடு. நூற்று அறுபத்து மூன்று நிமிடம் பொறுமையோடு இருந்தது இதற்காகவா என்று கேட்டோரும் உளர். அவர்களை நாம் குறை கூறோம். ஆயினும் கிறெய்க் 2006ஆம் ஆண்டில் வந்தபோதே கதையை ஆதியிலிருந்து தொடங்கிவிட்டார்கள் அன்றோ? ஒரு முறை செய்ததை மறுமுறையும் செய்வதற்குத் தடையென்ன?

நடிகர் யார் என்ற கேள்விக்கு வருவோம். இவ்விடயத்தில் இரசிகப் பெருமக்களின் தீர்ப்பு பெரும்பாலும் பிழைத்தே வந்திருக்கிறது என்று சொன்னால் அவர்கள் கோபிக்கலாகாது. கதைகளை எழுதிய இயன் பிளெமிங்குக்கே சோன் கொனரியை முதலில் பிடிக்கவில்லையென்பர். படத்தைப் பார்த்தபின் மனம் மாறிய அவர், 1964ஆம் ஆண்டில் வெளியான நாவலில் பொண்டின் தந்தையை ஸ்கொத்லாந்துக்காரர் ஆக்கினார். ஸ்கொத்லாந்தில் பிறந்த கொனரிக்கு இதைவிட வேறு மரியாதை வேண்டியதில்லை. அவருக்குப் பின் 1969ஆம் ஆண்டில் வந்த ஜோர்ஜ் லேசன்பி, நடிப்பனுபவம் இல்லாத விளம்பர மொடல். ஒரே படத்தோடு போய்விட்ட அவரைப் பலர் எள்ளி நகையாடினர்; அந்தப் படமோ இன்று இரசிகர் பலரின் முதல்வரிசையில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டில் கிறெய்க்கின் பெயர் வந்தபோது நடந்த அமளி யாவற்றையும் மிஞ்சியது. மயிர் பொன்னிறமாம், உயரம் குறைவாம், படத்தைப் பகிஷ்கரிக்க வேண்டுமாம்! அடுத்த ஆண்டில் வந்த ‘கசினோ றோயல்’ அதுவரை வந்த பொண்ட் படங்கள் எல்லாவற்றிலும் கூடிய வசூலைப் பெற்றது. பகிஷ்கரிக்கப் புறப்பட்டவர்களும் நுழைவுச்சீட்டு வாங்கியிருப்பார்கள் என்றே எண்ணுகிறோம்.

ஆனால், கதையைப் பற்றி இரசிகர்கள் கூறும் முறைப்பாட்டை அவ்வாறு தள்ளிவிட முடியாது. 1979ஆம் ஆண்டில் ‘மூன்றேக்கர்’ படத்திற் பொண்டை விண்வெளிக்கே அனுப்பிவிட்டார்கள். இது மிதமிஞ்சிப் போயிற்று என்ற பேச்சு எழுந்தது. அடுத்து 1981இல் வந்த படத்தில் அவன் மீண்டும் மண்ணில் நடந்தான். மலையுச்சி மடமொன்றுக்குக் கயிற்றைப் பிடித்து ஏறினான். 2002ஆம் ஆண்டில் கண்ணுக்குத் தெரியாத மோட்டார்க் காரைக் கொடுத்தார்கள். சிரித்தார்கள் மக்கள். அதற்கு அடுத்த படத்தில் அத்தகைய மாயக் கருவிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சீட்டாட்ட மேசையையும் ஒரு காதலின் துரோகத்தையும் மாத்திரமே நம்பினார்கள். அதுவே ‘கசினோ றோயல்’. முறைப்பாடு போய்ச் சேருவதற்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் காது கொடுத்துக் கேட்போரும் இருந்தனர்.

அந்த வீட்டைப் பற்றித்தான் இப்போது கவலை. 1961ஆம் ஆண்டில் அல்பேட் புறொக்கோலி, ஹரி சால்ஸ்மன் என்னும் இருவர் ஈயோன் கொம்பனியைத் தொடங்கினர். 1975இல் சால்ஸ்மன் தமது பங்கை விற்று விலகினார். 1996இல் புறொக்கோலி காலமாவதற்கு முன்னரே, அவருடைய மகள் பார்பராவும் மனைவியின் மகன் மைக்கல் வில்சனும் பொறுப்பை ஏற்றிருந்தனர். யாரை நடிக்க வைப்பது, எதை எழுதுவது, எப்போது வெளியிடுவது என்ற முடிவுகள் யாவும் அக்குடும்பத்தின் கையில் இருந்தன. 2022ஆம் ஆண்டில் அமேசன் கொம்பனி, எம்.ஜி.எம். ஸ்தாபனத்தை 845 கோடி டொலருக்கு வாங்கியபோதும் அந்த உரிமை குடும்பத்தை விட்டுப் போகவில்லை. 2025 பெப்ரவரியில் அதுவும் போயிற்று. பங்குடைமையில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு, படைப்புப் பொறுப்பை அவர்கள் அமேசனிடம் ஒப்படைத்தனர். செய்தி வெளியான அன்றே அமேசனை நிறுவிய பெருந்தனவந்தர், அடுத்த பொண்டாக யாரைத் தெரிவு செய்வீர்களென்று பொதுமக்களைக் கேட்டார். கலியாணத்துக்கு வந்த விருந்தினரிடம் மாப்பிள்ளை யாரென்று கேட்டதுபோல இருந்தது நமக்கு.

குடும்பத்தார் செய்தனவெல்லாம் சரியென்று நாம் வாதிக்க வரவில்லை. 2012ஆம் ஆண்டில் பொண்டின் கையிற் பீர்ப் போத்தலைக் கொடுத்து விளம்பரக் காசு வாங்கியவர்களும் அவர்களே. 2015இல் பரம வைரியைச் சிறுவயதில் உடன் வளர்ந்த சகோதரனாக்கிக் கதையைக் குட்டிச்சுவராக்கியதும் அவர்கள் காலத்தில்தான். ஆயினும், எண்ணிக்கைக்காகப் படம் எடுக்காமல், ஆறு ஆண்டுகள் ஆயினும் காத்திருக்கும் பிடிவாதம் அவர்களிடம் இருந்தது. மாதத்துக்கொரு தொடரை வீட்டுத் திரைகளுக்கு அனுப்பும் வியாபாரத்தில் அந்தப் பிடிவாதம் நிலைக்குமா? பொண்டின் மேலதிகாரிக்கு ஒரு தொடர், செயலாளர்ப் பெண்ணுக்கு ஒரு தொடர், காரோட்டிக்கு ஒரு தொடர் என்று கிளை பிரிந்துவிடுமோ என்பதே இரசிகர்களின் அச்சம். அதே ஆண்டு ஒக்டோபரில் அமேசன் தனது திரைத்தளத்திற் பழைய பொண்ட் படங்களுக்கு இட்ட விளம்பரச் சித்திரங்களில், நாயகர்களின் கைத்துப்பாக்கிகளை அழித்துவிட்டிருந்தது. வெறுங்கையை மடித்துக்கொண்டு நின்றார் கொனரி! எழுந்த கூக்குரலைக் கேட்டுச் சில நாட்களுள் அந்தச் சித்திரங்களை மாற்றினார்கள். புதிய வீட்டாருக்கும் காது உண்டென்பதை இதனால் அறிந்தோம். கண் இருக்கிறதா என்பது இனித்தான் தெரியவேண்டும்.

நம்பிக்கைக்கும் இடமில்லாமலில்லை. 2025 ஜூனில் நெறியாளராக டெனி வில்நேவும், ஜூலையிற் கதாசிரியராக ஸ்டீவன் நைட்டும் அறிவிக்கப்பட்டனர். நாயகனின் பெயர் அவற்றோடு வரவில்லை. ‘டியூன்’ படங்களை எடுத்த வில்நேவ், சிறுவயதில் தம் தந்தையோடு இருந்து ‘டொக்டர் நோ’ முதலான படங்களைப் பார்த்து வளர்ந்ததாகச் சொன்னார். இது நமக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவரது படங்களிற் சிரிப்பைக் காண்பது அரிது, நீளமோ பெரிது. முதற்படமாகிய ‘டொக்டர் நோ’ இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டதை அவர் மறவாதிருப்பாராக.

கதையை மீண்டும் 1950களிலோ 1960களிலோ நிகழ்வதாக எழுதவேண்டும் என்று கேட்போர் தொகையும் சிறிதன்று. கோட்டும் தொப்பியும் பழைய கார்களும் கண்ணுக்கு விருந்துதான். இதில் நமது கருத்து வேறு. ‘டொக்டர் நோ’ இலண்டனில் 1962 ஒக்டோபர் 5ஆம் திகதி முதன்முதல் காட்டப்பட்டது. கரிபியன் கடலில் ஒரு தீவிலிருந்து அமெரிக்க ரொக்கெற்றுகளைத் திசைதிருப்பும் வில்லனின் கதை அது. அதே மாதம் முடிவதற்குள் அதே கடலிலுள்ள கியூபாவின் ஏவுகணைகளால் உலகமே போரின் விளிம்பில் நின்றது. அன்று அப்படத்தைப் பார்த்தவர்கள் பழைய காலத்தைப் பார்க்கப் போகவில்லை. காலையிற் பத்திரிகையில் வாசித்த பயத்தை மாலையில் ஒருவன் வென்று காட்டுவதைப் பார்க்கப் போனார்கள். இன்றைய பத்திரிகையிலும் பயத்துக்குப் பஞ்சமில்லை.

நம்முடைய விண்ணப்பமும் ஒன்றுண்டு. இருண்ட திரையில் வெள்ளைப் பொட்டுகள் ஓட, துப்பாக்கிக் குழலுக்குள் ஒருவன் நடந்து வந்து திரும்பிச் சுடும் அந்தத் தொடக்கக் காட்சியைத் தொடக்கத்திலேயே வைக்கவேண்டும். கிறெய்க்கின் இரண்டு படங்களில் அதைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தார்கள். சோறு உண்டு கை கழுவியபின் பந்திக்கு அழைத்ததுபோல இருந்தது. முதல் மூன்று படங்களில் அவ்வாறு நடந்து வந்தவர் கொனரி அல்லர். பொப் சிமன்ஸ் என்ற சாகச நடிகர். அதை அறியாமலே சனங்கள் கைதட்டினார்கள்.

அடுத்து நடந்து வரப்போகிறவர் எவராயினும் ஆகுக. விளக்கு அணைவதற்கு முன் நாம் போய் உட்கார்ந்திருப்போம்.