நுரையை அடக்கும் 900ஏ

எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. சிலவற்றில் 'ஐஎன்எஸ் 900ஏ' என்று பொடி எழுத்தில் இருக்கும். டைமெத்தில்பாலிசிலாக்சேன் என்ற சிலிக்கோன் அது. (வாயில் நுழையாத பேர்!) பொரிக்கும்போது எண்ணெய் நுரைத்துப் பொங்காமல் தடுக்கும். 'தலைக்குப் போடுற கண்டிஷனர்ல இருக்கிறதாச்சே, விஷம்' என்று சிலர் பயமுறுத்துறாங்க. வயிற்று வாயுவுக்கு டாக்டர் தரும் சிமெத்திகோனும் இந்த வகைதான்! கிலோ எண்ணெய்க்கு 10 மில்லிகிராம் வரைதான் அனுமதி. அதில் எனக்குப் பயமில்லை.

என் சந்தேகமே வேற. திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கெட்டுப்போன எண்ணெய்தான் அதிகமா நுரைக்கும். 'என்னை மாத்து' என்று எண்ணெயே சொல்ற மாதிரி. அந்த நுரையையும் அடக்கிட்டா பஜ்ஜி போடுறவருக்கு எப்படித் தெரியும்? வாங்குற நமக்கு எப்படித் தெரியும்? அதனால நுரை இல்லையே என்று நம்பிடாதீங்க. வாணலியில் எண்ணெய் கறுத்திருக்கா, சிக்கு வாடை வருதா என்று பார்த்துட்டு அப்புறம் காசை நீட்டுங்க.