இருவருக்கு ஓர் அறை. மலை ஓரமாக இருக்கட்டும்!

"நம்ம வாசல்லயே மலை இருக்குது. மலையைப் பாக்க எதுக்கும்மா ஏற்காடு?"

இப்படிக் கேட்டவர் ஒரு மாமியார். கேட்ட இடம் வேங்கிக்கால். பதில் சொல்லத் தெரியாமல் நின்றவள் மருமகள். கல்யாணம் ஆகி ஏழு மாதம் ஆகிறது. கணவனோடு இரண்டு நாள் ஏற்காடு போய் வர ஆசைப்பட்டாள். ஆசையை வாய்விட்டுச் சொன்னாள். அதற்குத்தான் இந்தக் கேள்வி!

மாமியார் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. வேங்கிக்கால்காரர்களுக்கு மலை புதிது அல்ல. வேலூர் சாலையில் பஸ்சை விட்டு இறங்கினால் கண் எதிரே அண்ணாமலை நிற்கிறது. உயரம் 2,668 அடி. கார்த்திகை தீபத்தன்று உச்சியில் ஏற்றும் ஜோதியை வீட்டு மொட்டை மாடியில் நின்றே கும்பிடலாம்.

ஆனால் அது அண்ணாந்து பார்க்கும் மலை. கையெடுத்துக் கும்பிடும் மலை. அதன் மேல் ஓட்டல் கட்டி, ஜன்னல் ஓரத்தில் காலை நீட்டி உட்கார யாரும் நினைப்பது இல்லை. நினைக்கவும் கூடாது.

மருமகள் கேட்பது வேறு மலை. மேலே உட்கார்ந்து கீழே பார்க்கும் மலை!

பேச இடம் எங்கே?

அந்த வீட்டில் இரண்டு அறைகள். ஆறு பேர். கணவன் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் இரவு எட்டு மணிக்கு வருகிறான். அப்போது கூடத்தில் டெலிவிஷன் ஓடிக்கொண்டு இருக்கும். புருஷனும் பெண்சாதியும் பேசுவது என்ன? "காஸ் தீர்ந்துவிட்டது." "கரண்டு பில் வந்திருக்கிறது." "உங்கள் தம்பிக்குப் பரீட்சைப் பணம் கட்ட வேண்டும்." இவ்வளவுதான். மனம் விட்டுப் பேசுவது எல்லாம் மோட்டார் சைக்கிளில் போகும்போதுதான். அதிலும் பாதி காற்றோடு போய்விடுகிறது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. நம் வீடுகளில் பெரும்பாலானவை இப்படித்தான்.

ஆடி மாதம் வந்தால் புதுமணத் தம்பதிகளைப் பிரித்து வைக்கிறோம். பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஒரு மாதம் பிரித்து வைக்கத் தெரிந்த நமக்கு, இரண்டு நாள் சேர்த்து வைக்கத் தெரியாதா?

தேனிலவு என்பது பணக்காரர் வேடிக்கை என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. ஐந்நூறு பேருக்கு இலை போட்டு, மேளம் வைத்து, மின்விளக்குத் தோரணம் கட்டிக் கல்யாணம் செய்கிறோம். அதற்குக் கடன் வாங்கவும் தயங்குவது இல்லை. அந்தச் செலவில் ஒரு சிறு பகுதியை மணமக்கள் இருவருக்கு என்று ஒதுக்கினால், 'ஊதாரித்தனம்' என்கிறோம். இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை.

எந்த மலை?

ஊட்டியும் கொடைக்கானலும் பெயர் பெற்ற ஊர்கள். ஆனால் தூரம் அதிகம். 2024 மே 7 முதல் அங்கே போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வாங்க வேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. கூட்டம் அவ்வளவு! அங்கே போகிறவர்கள் அப்போதைய விதி என்ன என்று விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் ஏலகிரி இருக்கிறது. பாதையில் 14 வளைவுகள். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைச் சூட்டி இருக்கிறார்கள். ஏறிப் போவது இன்பம். ஆனால் மேலே போனால் ஊர் சமவெளி போல விரிந்துவிடுகிறது. பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடங்கள் சில மட்டுமே.

மலையின் ஓரத்தில் உட்கார வேண்டும் என்றால் ஏற்காடுதான் மேல். செங்கம், ஊத்தங்கரை, அரூர் வழியாகச் சேலம் போக வேண்டும். அங்கே பஸ் மாறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். (தலை சுற்றுகிறவர்கள் கையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளவும்.) சேர்வராயன் மலையில் சுமார் 5,000 அடி உயரத்தில் ஊர் இருக்கிறது. ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ இரண்டு டிகிரி வெப்பம் குறையும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு. பஸ் நின்றதும் ஏரிதான் முதலில் தெரியும். ஓட்டல்களில் பலவும் அதைச் சுற்றியே இருக்கின்றன. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியும் ஏரிப் பக்கம்தான். படகு விடலாம், கடை வீதிக்கு நடந்து போகலாம். குழந்தை குட்டிகளோடு போகிறவர்களுக்கு அதுவே வசதி.

ஆனால் ஏரிக்கரை என்பது ஒரு கிண்ணத்தின் அடி. அங்கிருந்து பள்ளத்தாக்கு தெரியாது. கிண்ணத்தின் விளிம்புக்குப் போக வேண்டும். லேடீஸ் சீட் என்ற பாறை அப்படிப்பட்ட விளிம்பு. அங்கே நின்றால், ஏறி வந்த பாதை பாம்பு போல் நெளிந்து கிடப்பது தெரியும். இரவில் சேலம் நகரத்து விளக்குகள் நட்சத்திரங்களைக் கீழே கொட்டியது போல் இருக்கும். வானம் தெளிந்திருந்தால் பகலில் மேட்டூர் அணையின் தண்ணீர் பளபளக்கும். பகோடா பாயிண்ட் கிழக்கு விளிம்பு. அங்கே சூரியோதயம் அழகு.

எந்தப் பக்கம் அறை எடுப்பது? புதுமணத் தம்பதிகள் விடியற்காலையில் எழுந்து சூரியனைப் பார்ப்பார்கள் என்று நாம் நம்பவில்லை. மாலை வெயில் விழும் பக்கமே மேல்!

மாலுமிகளின் குகை வீடுகள்

செங்குத்தான பாறை விளிம்பில் தங்கும் ஓட்டல் என்றால் உலகம் முழுவதும் சொல்லும் பெயர் ஒன்று உண்டு. கிரேக்க நாட்டில் இருக்கும் சாந்தோரினித் தீவு. வெள்ளை வீடுகளும் நீலக் கும்பங்களும் உள்ள படத்தைக் காலண்டரில் பார்த்திருப்பீர்கள். அதுதான்.

சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் எரிமலை வெடித்தது. நடுப்பகுதி உள்ளே விழுந்தது. கடல் புகுந்தது. மிஞ்சியது சுமார் ஆயிரம் அடி உயரப் பாறைச் சுவர். அந்தச் சுவரில் எரிமலைச் சாம்பல் மண்ணைக் குடைந்து மாலுமிகளும் ஏழைகளும் வீடு செய்துகொண்டார்கள். கப்பல் தலைவர்கள் மேலே மாளிகை கட்டிக்கொண்டார்கள். 1956 ஜூலை 9-ந் தேதி பெரும் பூகம்பம் வந்தது. ஐம்பது பேருக்கு மேல் மாண்டார்கள். வீடுகள் இடிந்தன. பலர் ஊரைவிட்டே போய்விட்டார்கள்.

1970-களில் அந்தப் பாழடைந்த குகை வீடுகளை அரசாங்கம் செப்பனிட்டு விருந்தினர் தங்கும் இடமாக்கியது. இன்று அந்தக் குகைகளில் ஓர் இரவு தங்க உலகத்துப் பணக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள்! ஏழை மாலுமி வேறு வழி இல்லாமல் குடைந்த பொந்து அது. அங்கே அவர்கள் விலை கொடுத்து வாங்குவது கட்டிலை அல்ல, மெத்தையை அல்ல. வாசலில் இருவர் உட்காரும் ஒரு சிறு திண்ணையை! கடலைப் பார்த்த திண்ணை உள்ள அறைக்கு ஒரு வாடகை. அதே ஊரில் மறுபக்கம் பார்த்த அறைக்கு அதைவிடக் குறைந்த வாடகை.

அதிலும் ஒரு வினோதம். பாறையில் வீடுகள் படிப்படியாக இருப்பதால், மேல் வரிசைக்காரர் எட்டிப் பார்த்தால் கீழ் வரிசைத் திண்ணை முழுதும் தெரியும். ஆயிரக்கணக்கான மைல் தாண்டிப் போயும் அடுத்த வீட்டுக்காரர் கண்ணில் இருந்து தப்ப முடியாது!

ஏற்காட்டுக்கும் இதே கணக்குதான்.

ஜன்னல் எந்தப் பக்கம்?

என் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் ஒரு மலை ஊருக்குப் போனோம். செல்போனில் பார்த்த படத்தில் பச்சைப் பள்ளத்தாக்கு, மேகம், எல்லாம் இருந்தன. அறைக்குள் போய் ஜன்னலைத் திறந்தோம். எதிரே அடுத்த லாட்ஜின் தண்ணீர்த் தொட்டி! "பள்ளத்தாக்கு எங்கேப்பா?" என்று பையனைக் கேட்டேன். "மொட்டை மாடிக்குப் போனா தெரியும் சார்" என்றான். படத்தில் பொய் இல்லை. மொட்டை மாடியில் எடுத்த படம், அவ்வளவுதான். இரண்டு நாளும் துவைத்த துணிகளுக்கு நடுவே நின்று இயற்கை எழிலை ரசித்தோம்.

ஆகவே முன்பணம் அனுப்புமுன் டெலிபோனில் பேசுங்கள். 'வியூ ரூம்' என்ற சொல்லை நம்பாதீர்கள். "கட்டிலில் உட்கார்ந்தபடி என்ன தெரியும்?" என்று கேளுங்கள். அந்த அறை ஜன்னலில் இருந்து எடுத்த படத்தை அனுப்பச் சொல்லுங்கள். உள்ளதைச் சொல்கிற ஓட்டல்காரர் உடனே அனுப்பிவிடுவார். தாழ்வாரம் உங்கள் அறைக்கு மட்டுமா, நான்கு அறைக்கும் பொதுவா என்றும் கேட்க வேண்டும். இதைக் கேட்கப் பலர் வெட்கப்படுகிறார்கள். பிறகு பக்கத்து அறைக்காரரின் சீட்டாட்டத்தைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்கிறார்கள்.

விளிம்பில் உள்ள ஓட்டல்கள் கடை வீதிக்குத் தூரம். இரவில் சாப்பாடு கிடைக்குமா, சுடுதண்ணீர் எத்தனை மணிவரை வரும், பஸ் நிற்கும் இடத்தில் இருந்து ஆட்டோவுக்கு என்ன கூலி என்பதைக் கேட்டுக்கொள்ளவும். இருவரும் அடையாள அட்டை எடுத்துப் போகவும். குளிப்பதற்கு நீச்சல் குளம், தலைக்கு மேல் கண்ணாடி விளக்கு, வாசலில் கல் யானை, இவற்றுக்கு எல்லாம் சேர்த்துத்தான் வாடகை போடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு சுத்தமான கட்டில், தாழ்ப்பாள் சரியாக விழும் ஒரு கதவு, பள்ளத்தாக்கைப் பார்த்த ஒரு ஜன்னல்.

எப்போது போவது என்பதை வேங்கிக்கால்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பவுர்ணமி வந்தால் நம் ஊர் லாட்ஜுகளில் என்ன நடக்கிறது? சாதாரண நாளில் காலியாகக் கிடக்கும் அறைக்கு அன்று ஆள் மேல் ஆள். வாடகை எகிறும். தீபத்துக்குக் கேட்கவே வேண்டாம்! ஏற்காட்டுக்கு மே மாதமும் கோடை விழாவும் அப்படித்தான். சனி, ஞாயிறும் அப்படியே. தை, மாசியில் ஒரு திங்கள், செவ்வாய் போனால் வாடகையும் குறையும், கூட்டமும் குறையும். குளிர் இருக்கும். புதுமணத் தம்பதிகள் குளிரைக் குறை சொன்னதாக நாம் கேள்விப்பட்டது இல்லை.

மழையில் வேண்டாம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் போக வேண்டாம். மூடுபனியில் எதிரே இருக்கும் மரமே தெரியாது. அதுகூடப் பெரிதல்ல.

2024 டிசம்பர் 1-ந் தேதியை நம் ஊர் மறக்காது. பெஞ்சல் புயல் மழை கொட்டியது. திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச் சரிவில் இருந்து மண்ணும் பாறையும் ஒரு வீட்டின் மேல் விழுந்தன. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அதே புயல் மழையில் ஏற்காட்டுப் பாதையிலும் மண் சரிந்து பஸ்கள் நின்றன. சாந்தோரினியில் 2025-ம் ஆண்டுத் தொடக்கத்தில் பூமி பல நாள் விடாமல் அதிர்ந்தது. பதினோராயிரம் பேருக்கு மேல் தீவைவிட்டு வெளியேறினார்கள்.

மலை விளிம்பின் அழகுக்கும் ஆபத்துக்கும் இடம் ஒன்றுதான். பாறையில் ஊன்றி நிற்கும் கட்டடமா, மண்ணை வெட்டி அந்தரத்தில் நீட்டிய கட்டடமா என்று பாருங்கள். சுவரில் புது வெடிப்பு இருந்தால் அறையை மாற்றச் சொல்லுங்கள். தாழ்வாரக் கம்பி இடுப்புக்கு மேல் இருக்க வேண்டும். அந்தக் கம்பியில் ஏறி நின்று படம் பிடித்துக்கொள்கிறவர்களைக் கண்டால் நமக்கு அடி வயிறு கலங்குகிறது.

சரி, அறை நன்றாக அமைந்துவிட்டது. பிறகு என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம்! ஒரே நாளில் பத்து இடம் காட்டுகிறேன் என்று டாக்சிக்காரர் வருவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாற்காலி இரண்டை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடுங்கள். பொழுது சாய்வதைப் பாருங்கள். செல்போன் பைக்குள் தூங்கட்டும். இரவு ஒரு முறை மட்டும் எடுத்து, வீட்டுக்குப் பேசுங்கள். "சாப்பிட்டீங்களா, அத்தை?" என்று மருமகள் முதலில் கேட்கட்டும். சேலத்து விளக்குகள் எரியத் தொடங்கியதும் பேச்சு தானாக வரும். ஏழு மாதமாகச் சொல்லாமல் வைத்தது எல்லாம் வரும். சிறு சண்டைகூட வரலாம். வரட்டும். கூடத்தில் யாரும் காது கொடுத்துக்கொண்டு இல்லை அல்லவா?

வேங்கிக்கால் மருமகள் இன்னும் கிளம்பவில்லை. "தை பிறக்கட்டும், பார்க்கலாம்" என்று மாமியார் சொல்லி இருக்கிறார். 'கூடாது' என்பது 'பார்க்கலாம்' ஆகிவிட்டது. அதற்குள் அந்தப் பெண் அடுத்த வீட்டில் இரண்டு ஸ்வெட்டர் இரவல் சொல்லி வைத்துவிட்டாள்!